மேல்திருப்பதி மலைப்பாதை: ஆந்திர அரசு பஸ்ஸா, சொந்தக் காரா? 28 நிமிடமும் 40 நிமிடமும் சொல்லும் கணக்கு

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் அவசரம் என்றால் என்ன என்று தெரியும். 300 ரூபாய் தரிசன டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கிறது. அந்த நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று சென்னையிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வரும் வண்டிகள் லாரிக்கும் டிராக்டருக்கும் இடையில் புகுந்து புறப்படுகின்றன. நகரி ஊருக்குள் விசைத்தறிக்குப் பாவு ஏற்றிப் போகும் டிவிஎஸ் வண்டிக்காரரை ஹாரனாலேயே ஓரம் தள்ளுகிறார்கள்.

இந்த அவசரத்தில் மிச்சமாவது எவ்வளவு? திருத்தணியிலிருந்து திருப்பதி சுமார் 65 கிலோமீட்டர். சராசரி 50-இல் போனால் 78 நிமிடம், சராசரி 60-இல் போனால் 65 நிமிடம். ஆக, 13 நிமிடம். ஊர்களும் வேகத்தடைகளும் உள்ள சாலையில் சராசரியைப் பத்துக் கிலோமீட்டர் ஏற்ற வேண்டுமானால், திறந்த இடங்களிலெல்லாம் 90, 100 தொட வேண்டும். எதிரே வருகிற வண்டியை நம்பி ஏறிப் போக வேண்டும். அப்படி உயிரைக் கொடுத்து வாங்கிய 13 நிமிடத்தை, திருமலை அடிவாரத்தில் உள்ள அலிபிரி சோதனைச் சாவடியின் வரிசை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. கூட்ட நாளில் அந்த வரிசைக்கு 13 நிமிடம் போதவே போதாது.

அந்த அலிபிரியில் தொடங்கும் மலைப்பாதையையும் அதில் ஓடும் பஸ் சேவையையும் பற்றியதுதான் இந்த மதிப்புரை. காரணம், அவசரப்படுவதால் எந்தப் பயனும் இல்லாதபடி விதி செய்து வைத்திருக்கும் சாலை இது. திருமலைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை, இரண்டும் ஒருவழி. இறங்கும் பாதை பழையது, 1944-இல் திறந்தது. அப்போது இதெல்லாம் சென்னை மாகாணம். ஏறும் பாதை 1974-இல் வந்தது. ஏறுவது ஏறக்குறைய 18 கிலோமீட்டர், இறங்குவது ஏறக்குறைய 19. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடமும் எடுக்க வேண்டும் என்பது தேவஸ்தானத்தின் விதி. ஒரு டோல்கேட்டில் நுழைந்த நேரமும் மறு டோல்கேட்டில் வெளியேறும் நேரமும் பதிவாகின்றன. அதற்கு முன் வந்து நின்றால் வேகமாக வந்ததற்கு நீங்களே சாட்சி. நடவடிக்கை உண்டு.

இந்த விதியின் கெட்டிக்காரத்தனத்தை முதலில் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையில் வேகத்தைப் பிடிக்கும் கேமரா ஓர் இடத்தில்தான் பார்க்கும். கேமரா இருக்கும் கம்பத்துக்கு 200 மீட்டர் முன்னால் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் மறுபடி முறுக்குவது எல்லா டிரைவருக்கும் கைவந்த வேலை. இங்கே அளப்பது முழுப் பாதையின் சராசரியை. 18 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் என்றால் மணிக்கு 38 அல்லது 39 கிலோமீட்டர். 19 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் என்றால் 28 அல்லது 29. ஒருவரை ஓவர்டேக் செய்து முன்னால் போய் என்ன ஆகப் போகிறது? பின்னால் நின்று ஹாரன் அடிப்பவருக்கும் அதே 40 நிமிடம்தான். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் பின்கண்ணாடியில் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

குறையும் உண்டு. சராசரிக்கு ஒவ்வொரு வளைவும் தெரியாது. இறங்கும்போது மேலே பாதித் தூரத்தை 45-இல் ஓட்டிவிட்டு, கீழே ஓரங்கட்டி ஏழெட்டு நிமிடம் டீ பேசினால் கணக்கு சரியாகிவிடும். ஆபத்து நடப்பதோ அந்த மேல் பாதியில். நடுவில் ஒரு நேரப் பதிவு இருந்தால் இந்த ஓட்டை அடைபடும். அது வரும்வரை நீங்களே உங்களுக்கு அந்த நடுச் சாவடியாக இருங்கள்: டோல்கேட் தாண்டியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, பக்கத்தில் இருப்பவரை மணி பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது 9 கிலோமீட்டர் வரும் நேரம் 14 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். இறங்கும்போது ஒன்பதரை கிலோமீட்டருக்கு 20 நிமிடம். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள் என்றால் வேகம் கூடிவிட்டது. பின்னால் நின்று ஈடுகட்டினால் நேரம்தான் சரியாகும், ஆபத்து குறையாது; அங்கேயே குறையுங்கள்.

இறங்குவதற்கு ஏன் 12 நிமிடம் கூடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சினுக்கு வேலை இல்லாத பாதை, சும்மா உருண்டு வரலாமே என்பது அவர்கள் எண்ணம். இங்கேதான் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழ்திருப்பதிக்கும் மேல்திருப்பதிக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 700 மீட்டர். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய ஒரு சாதாரணக் கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை 700 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தி சுமார் 2.9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனையும் நான்கு சக்கரத்தில் சூடாகத்தான் இறங்கும். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. நான்கு சக்கரத்திலும் உள்ள டிஸ்க், டிரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு இரும்பு இருக்கிறது? முன்சக்கர டிஸ்க் இரண்டும்தான் இதில் பெரும்பங்கை வாங்குகின்றன.

சூடு ஏறும்போது இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். முதலாவது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடில் உள்ள பிசின் சூட்டில் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வழுக்கலாக நிற்கும். பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. கருகல் வாடை வருவது இந்தக் கட்டத்தில். இரண்டாவது இதைவிட மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. அந்தச் சூட்டைத் தொட்டால் ஆயில் குமிழி விடும். குமிழியை அழுத்தலாம், அது சுருங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சமவெளியில் ஐந்து வருடப் பழைய ஆயிலோடு ஓடும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அதே வண்டி இந்த 19 கிலோமீட்டரில் மாட்டிக்கொள்ளும். மலைக்குப் போவதற்கு முந்தின வாரம் பேடின் தடிமனையும் பார்த்துவிடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட்டுப் போவது நல்லது.

சித்தூர், நகரி பக்கத்து வேன் டிரைவர்கள் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒரே வரி: “ஏறின கியர்லயே இறங்குடா தம்பி.” ஏற இரண்டாவது கியர் தேவைப்பட்ட சரிவுக்கு இறங்கவும் இரண்டாவது கியர். வளைவுக்குள் போனபின் கியரைத் தேடாமல், வளைவுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். எஞ்சின் உறுமும், உறுமட்டும். 3,000, 3,500 சுற்றில் ஓடுவதால் எஞ்சினுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து 15 கிலோமீட்டர் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். எடுத்த நேரத்தில்தான் டிஸ்க் காற்று வாங்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யில் வைத்துக்கொண்டு இறங்குவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. எல் அல்லது 2, இல்லாவிட்டால் மேனுவல் முறையில் போட்டுக் கீழ்க் கியரைப் பிடித்து வையுங்கள்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது தலைகீழ். கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையே கணினி நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு எண்ணெய் குடிக்கும். அதைவிடக் கொடுமை எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவது. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துபோகும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அந்த நிலைமையை யாரும் வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

கருகல் வாடை வந்துவிட்டால்: அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, 20 நிமிடம் விடுங்கள். பின்சக்கர டிரம் சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டாதீர்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான இரும்பு கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும்.

ஸ்கூட்டரில் வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரில், எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கும் எஞ்சின் பிரேக்கிங் என்பது பாதிதான். வேகம் குறையும்போது கிளட்ச் தானாக விடுபட்டுவிடும். விடுபட்டதும் வண்டி சைக்கிள் மாதிரி உருள ஆரம்பிக்கும், மொத்தப் பாரமும் சின்ன டிரம் பிரேக் மேல் விழும். இரண்டு பேர், முன்னால் ஒரு பை என்றால் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை ஒரு சொட்டுக் கொடுத்துக் கிளட்சைப் பிடிக்க வைத்து இறங்கத் தெரிந்தவர்கள் இறங்கலாம். மற்றவர்கள் ஸ்கூட்டரை அலிபிரி அடிவாரத்தில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள். சேஷாசலம் காட்டுக்குள் போகும் பாதை என்பதால் இரவில் இருசக்கர வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. மிருக நடமாட்டத்தைப் பொறுத்து அந்த நேரத்தை மாற்றுகிறார்கள். பொதுவாகவே நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 3 வரை பாதையை மூடிவிடுவார்கள்.

இனி பஸ். ஆந்திர அரசு போக்குவரத்துக் கழகத்தின் மலை பஸ்களை ‘சப்தகிரி’ என்பார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்தும் கிடைக்கும். ஒன்று போனால் ஒன்று என்று வந்துகொண்டே இருப்பதால் நேர அட்டவணை பார்க்கத் தேவையில்லை. ஓட்டுபவர்கள் மலைப்பாதைக்கென்று பயிற்சி பெற்றவர்கள். கண்டக்டர்களுக்குத் தமிழ் புரியும். “அண்ணா, ரெண்டு டிக்கெட்” என்றால் போதும். அலிபிரியில் எல்லோரும் மூட்டையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். வண்டி எண்ணைக் கண்டிப்பாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நான்கு பஸ் நிற்கும், வயதானவர்கள் வேறு வண்டியில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சிகரெட், பீடி, குட்கா, மது, இறைச்சி எதுவும் மேலே போகாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மேலே தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவதே வசதி.

2022-இல் இந்தப் பாதைக்கு மின்சார பஸ்கள் வந்தன. மலைப்பாதைக்கு இவற்றைப் போல் பொருத்தமான வண்டி வேறில்லை என்பதே எங்கள் தீர்மானம். வெறும் புகை சமாச்சாரம் அல்ல இது. ஏறும்போது மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைத் தருகிறது. கியர் மாற்றம் இல்லாததால் வளைவில் அந்தக் குலுக்கல் இல்லை. டீசல் வண்டியில் டிரைவர் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது ஒரு தள்ளு, கிளட்ச் விடும்போது ஒரு இழுப்பு. குழந்தைகளுக்கு வாந்தி வருவது பாதி அதனால்தான். இறங்கும்போது இன்னும் பெரிய வித்தியாசம். ஆட்களோடு 10 டன் எடை 700 மீட்டர் இறங்கினால் வெளியாகும் சக்தி 19 யூனிட்டுக்குப் பக்கம். டீசல் பஸ்ஸில் அது எஞ்சினிலும், புகைக்குழாயை அடைத்து எஞ்சினை இறுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும், பிரேக் லைனரிலும் சூடாகித் தொலையும். மின்சார பஸ்ஸில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த அளவுக்கு லைனருக்கு வேலை மிச்சம், சூடும் மிச்சம். டிரைவர் காலை எடுத்தாலே வண்டி அடங்குகிறது. அவசரக்காரர் கையில் கொடுத்தாலும் அடங்கித்தான் வரும் போலிருக்கிறது.

குறை என்று பார்த்தால், ஜன்னலைத் திறக்க முடியாது. மூடிய பஸ்ஸில் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது சங்கடம். முன்பக்கம், முன்சக்கரத்துக்கும் நடுவுக்கும் இடையில் உள்ள இருக்கைகளில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதுதான் அதிகமாக வீசும். வாந்தி மாத்திரை போடுபவர்கள் அலிபிரியில் போட்டால் பிரயோஜனமில்லை. அரை மணி முன்னதாக, திருப்பதி ஊருக்குள்ளேயே போட வேண்டும். மற்றபடி இருக்கைக்குக் கீழே பெட்டி வைக்க இடம் குறைவு, கூட்ட நாளில் இறங்குவதற்கு மேலே நீண்ட வரிசை. கீழேயே போக வரச் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டால் மேலே டிக்கெட்டுக்கு ஒருமுறை நிற்பது மிச்சம்.

ஷேர் ஜீப், ஷேர் டாக்சியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஓட்டுபவர்களின் திறமையில் குறையில்லை. இந்த வளைவுகளை அவர்களைப் போல் அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் அடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் வருமானம். பஸ் டிரைவருக்கு மாதச் சம்பளம்; நின்று நிதானித்துப் போனாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். ஜீப்காரருக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் காசு. அவசரம் ஆளின் குணத்தில் இருப்பதைவிடக் கூலி கொடுக்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. ஆட்டோ, லாரி, சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் என்று எங்கு பார்த்தாலும் இதே கதைதான். 28, 40 நிமிட விதி இவர்களுக்கும் ஒரு கேடயம்: “சீக்கிரம் போங்கண்ணே” என்று பின்சீட்டிலிருந்து நச்சரிப்பவர்களிடம், “நேரம் ஆகாம கேட் தாண்டக் கூடாதுங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக ஓட்டலாம். நீங்கள் ஜீப்பில் போவதானால் அந்த நச்சரிப்பை நீங்கள் செய்யாதிருப்பதே பெரிய உபகாரம்.

சொந்தக் காரில்தான் போவேன் என்பவர்களுக்கு ஏறும் பாதை பற்றிச் சில விஷயங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் அலிபிரியில் ஃபாஸ்டேக் கட்டாயம். கீழேயே இருப்பைப் பார்த்துவிடுங்கள். சோதனை வரிசை லேசான ஏற்றத்தில் நகரும். அங்கே பத்து நிமிடம் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்க வைப்பவர்கள் மலை தொடங்குவதற்கு முன்பே கிளட்சைப் பாதி எரித்துவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். முன்வண்டி இரண்டு கார் நீளம் நகர்ந்தபின் எடுங்கள். இடைவெளி விட்டால் யாராவது புகுந்துவிடுவார் என்ற பயம்தான் எல்லோரையும் அங்குலம் அங்குலமாக நகர வைக்கிறது. புகுந்தால் புகட்டும், ஒரு வண்டிக்கு அரை நிமிடம். கிளட்ச் பிளேட் மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஏற ஆரம்பித்தபின் சூட்டு முள்ளைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். இன்னும் ஏறினால் ஓரம் கட்டி, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிறகு நிறுத்துங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அரை மணி நேரம் ஆகாமல் அதைத் தொடக்கூடாது. நான்காவது கியரில் எஞ்சினைத் திணற விடாமல் இரண்டாவது, மூன்றாவதில் இலகுவாகச் சுற்ற விட்டால் சூடும் ஏறாது.

வளைவில் பஸ்ஸுக்கு உள்பக்கமாகப் புகுவது இந்தப் பாதையில் பார்க்கும் மிக ஆபத்தான காரியம். பஸ் அகலமாக வெளிப்பக்கம் போவதைப் பார்த்து, வழி விடுகிறார் என்று நினைத்து இடதோ வலதோ உள்ளே கார் மூக்கை நுழைப்பார்கள். அவர் வழி விடவில்லை. நீள வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது; உள்பக்கமாக வெட்டி வரும். அதற்கு இடம் வேண்டித்தான் அவர் வெளியே போகிறார். அந்த இடத்தில் உங்கள் கார் இருந்தால் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும். டிரைவருக்கு அந்தப் பக்கக் கண்ணாடியில் உங்களைத் தெரியவும் தெரியாது. முன்வண்டி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘போ’ என்று அர்த்தம் என்று நம்பி ஏறுவதும் அப்படித்தான். வளைவுக்குப் போட்டாரா, உங்களுக்குப் போட்டாரா என்று யாருக்குத் தெரியும்? நேர்ப் பகுதி வரும்வரை இரண்டு வண்டி இடைவெளியில் பின்னால் வாருங்கள். உங்களை ஒருவர் முட்டிக்கொண்டு வந்தால் அகலமான இடத்தில் இடது பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அவரும் அங்கே டோல்கேட்டில் நிற்கப் போகிறவர்தான்.

இறங்கும் பாதையில் இன்னொன்று. அலிபிரியிலிருந்து நடந்து ஏறும் படிவழி மான் பூங்காவைத் தாண்டியபின் கொஞ்ச தூரம் கார் பாதையை ஒட்டியே வருகிறது. அதன் முடிவில்தான் முழங்கால் முறிச்சான் படிகள் தொடங்கும். 3,550 படியில் பெரும்பகுதி ஏறிக் களைத்தவர்கள், கைக்குழந்தையோடு, வெறுங்காலோடு அங்கே நடந்துகொண்டிருப்பார்கள். பெயிண்ட் அடித்த கோட்டில் சூடு குறைவு என்று வெயில் நேரத்தில் அதன் மேல் கால் வைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பகுதியில் 20-க்கு மேல் வேண்டாம், ஹாரனும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை சரியும். 2021 டிசம்பர் 1 அன்று ஏறும் பாதையில் பெரிய பாறைகள் விழுந்து சாலை உடைந்து, பாதையை மூட வேண்டி வந்தது. அந்த மாதங்களில் புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மழை பிடித்துவிட்டால் பாறைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் இருங்கள்.

மொத்தத்தில் எதை எடுப்பது? மலைப்பாதையில் பழக்கம் இல்லாதவர்கள், ராத்திரி முழுக்க ஓட்டிவந்தவர்கள், ஸ்கூட்டரில் இரட்டையாக வருபவர்கள், மூவருக்கும் பஸ்தான். அதிலும் மின்சார பஸ் கிடைத்தால் ஒரு வண்டி காத்திருந்தாவது ஏறலாம். நடக்க முடியாத பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்குக் கார் வசதி. ஆனால் பிரேக் ஆயில் தேதி தெரியாத காரை எடுக்காதீர்கள். மேலே போனபின் தேவஸ்தானத்தின் இலவசப் பஸ்கள் சுற்றிக்கொண்டே இருப்பதால் கார் இருந்தும் பெரும்பாலும் நிறுத்துமிடத்திலேயே கிடக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிப் புறப்படுவதே அவசரத்துக்கு மருந்து. காலை 10 மணி தரிசன நேரம் என்றால் 8 மணிக்கு மேலே இருக்க வேண்டும். மலைக்கு 30 நிமிடம், அலிபிரிக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் 6:45-க்கு அலிபிரி வரிசையில். திருப்பதி ஊருக்குள் 20 நிமிடம், திருத்தணியிலிருந்து சராசரி 50-இல் 78 நிமிடம். ஆக 5 மணிக்குத் திருத்தணி. காபிக்கு ஒரு கால்மணி சேர்த்தால் 4:45. சென்னையிலிருந்து வருபவர்கள் இதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். அந்தத் தூக்கத்தை விட மனமில்லை என்றால், முந்தின நாள் சாயங்காலமே வந்து கீழ்திருப்பதியில் தங்கிவிட்டு, காலை ஐந்தரைக்கு ரயில் நிலையத்துக்கு எதிரில் போய் நின்றால் பஸ் வரும்.